ஓடுபாதை கூறும் வரலாறு

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பழங்காசுகளும் நம் முன்னோர் வரலாற்றை அறியத் துணை செய்கின்றன. கோட்டையின் மதிலைக் கண்டதும் அங்கு நிகழ்ந்த போர்களை நினைக்கிறோம். கோயில் கல்வெட்டைப் படித்ததும் அக்கோயிலை எடுப்பித்த மன்னனை எண்ணுகிறோம். ஆயினும், வரலாறு என்பது பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது மட்டும் அன்று. நம் பாட்டனாரும் பூட்டனாரும் கண்ணாரக் கண்ட நிகழ்ச்சிகளும் வரலாறே. அவற்றுக்கும் சான்றுகள் உண்டு. முட்செடிகளுக்கிடையே மறைந்து கிடக்கும் ஒரு காரைத் தளமும், துருவேறிய ஓர் இரும்புத் துண்டும், நிறம் மங்கிய ஒரு நிழற்படமும் அத்தகைய சான்றுகளே.

பழைய போர் விமானங்களையும் கைவிடப்பட்ட விமானத் தளங்களையும் தேடிக் கண்டு, 'இஃது இன்ன விமானம். இன்ன ஆண்டில் இன்ன பணிக்காகப் பறந்தது' என்று ஆராய்ந்து கூறும் ஆர்வலர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும், ஆசிரியரும், பொறியாளரும், மாணவரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கையாளும் முறைகளையும், அவற்றின் துணைகொண்டு நம் திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றியும் தமிழ்நாட்டைப் பற்றியும் நாம் அறியத்தக்க செய்திகளையும் இப்பாடத்தில் காண்போம்.

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தாவை நோக்கிச் செல்லும் பெருவழியில் பயணம் செய்வோர் முதலில் புழலைக் காண்பர். அடுத்துச் செங்குன்றமும், அதனையடுத்துச் சோழவரமும் வரும். காரனோடையில் கொசத்தலை ஆற்றைக் கடந்து மேலும் சென்றால் கும்மிடிப்பூண்டியை அடையலாம். இரும்பு உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், வேறு பல தொழிற்சாலைகளும் அங்கே நிறைந்துள்ளன. இரவும் பகலும் சரக்குந்துகள் இவ்வழியே ஓயாது செல்கின்றன. புழல் ஏரியின் நீரிலிருந்து ஒரு காலத்தில் விமானங்கள் எழுந்து பறந்தன என்பதும், சோழவரத்தில் போர்க் காலத்தில் ஓடுபாதை அமைக்கப்பட்டது என்பதும் இவ்வழியே செல்வோர்க்கு வியப்பளிக்கும் செய்திகளாகும்.

அமைதியான இப்பகுதிக்குப் போர் விமானங்கள் வரக் காரணம் யாது? இரண்டாம் உலகப் போரில் 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பான் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைப்பட்டன. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின் மீதும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின் மீதும், 9-ஆம் நாள் திரிகோணமலையின் மீதும் குண்டுகள் விழுந்தன. அடுத்த தாக்குதல் சென்னையின் மீதுதான் என்னும் அச்சம் எங்கும் பரவியது. மக்கள் பெருந்தொகையினராய் நகரை விட்டு வெளியேறினர். வங்காள விரிகுடா நம் பகைவர் உலவும் கடலாயிற்று. அக்கடலைக் கண்காணிக்கவும், படையெடுப்பு நேர்ந்தால் எதிர்க்கவும் தமிழ்நாட்டின் பல இடங்களில் விமானத் தளங்கள் விரைந்து அமைக்கப்பட்டன. முன்னரே இருந்தவை விரிவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே சோழவரத் தளம். புழல் ஏரியோ நிலத்தில் ஓடுபாதை வேண்டாத ஒருவகை விமானங்களுக்குத் தளமாயிற்று.

நீரில் மிதந்து, நீரிலேயே ஓடி, அங்கிருந்தே வானில் எழும் விமானத்தைப் 'பறக்கும் படகு' என்பர். அதன் அடிப்பகுதி படகின் அடியைப் போலவே அமைந்திருக்கும். நீர் தன்மேல் மிதக்கும் பொருளைப் பற்றி இழுக்கும் இயல்புடையது. அப்பிடியிலிருந்து விடுபடும்பொருட்டுப் பறக்கும் படகின் அடியில் ஒரு படி அமைக்கப்பட்டிருக்கும். விரைவு மிகுந்ததும் விமானம் அப்படியின்மேல் நிமிர்ந்து, நீர்ப்பரப்பை வழுக்கிச் சென்று மேலே எழும். பேரலைகள் புரளும் சென்னைக் கடலில் இவ்வாறு எழுவதும் இறங்குவதும் அரிது. அலையற்ற அகன்ற நீர்ப்பரப்பே இதற்கு ஏற்றது. 1876-ஆம் ஆண்டிலேயே நகரின் குடிநீருக்காகப் பெரிய நீர்த்தேக்கமாக உருப்பெற்றிருந்த புழல் ஏரி, சென்னைக்கு அண்மையிலும், கடலுக்குச் சற்று உள்ளடங்கியும் இருந்தமையால் இப்பணிக்குப் பொருந்தியது. பிரிட்டானிய விமானப்படையின் 240-ஆம் பிரிவு 1942-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. அப்பிரிவின் முழக்கம் ஐஸ்லாந்து நாட்டு மொழியில் அமைந்தது. 'கடலின் காவலன், வானின் காவலன்' என்பது அதன் பொருள்.

இப்பிரிவு பயன்படுத்திய விமானத்தின் பெயர் கேட்டலைனா. அமெரிக்காவில் உருவாகிய இது முதன்முதலில் 1935-ஆம் ஆண்டு பறந்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 32 மீட்டர் நீளம் உடையது. இதன் விரைவு மிகக் குறைவு. எனினும், இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் வானிலேயே இருக்க வல்லது. கடலைக் கண்காணிக்கும் விமானத்துக்கு விரைவினும் பொறுமையே வேண்டுவது. விடியுமுன் புழலில் எழுந்து, நாள் முழுவதும் நீலக் கடலை நோக்கிக்கொண்டிருந்து, இருள் சூழ்ந்தபின் ஏரிக்குத் திரும்புதல் இத்தகைய விமானத்துக்கு இயன்ற செயல். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுதல், வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்லுதல், மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பிப் படகுகளில் தத்தளிப்போரை மீட்டல் ஆகியவை கேட்டலைனாக்களின் பணிகளாகும்.

இவ்விமானத்தின் பயனை விளக்க இலங்கையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி போதும். 1942 ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை உப்பங்கழியிலிருந்து கேட்டலைனா ஒன்று கிளம்பியது. அதனை ஓட்டியவர் கனடா நாட்டினரான லெனார்டு பர்ச்சால். அவர் இலங்கைக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. பகல் முழுவதும் தேடியும் ஒன்றும் தென்படவில்லை. திரும்பும் வேளையில் தொலைவில் தென்திசையில் சில புள்ளிகள் தெரிந்தன. அருகில் சென்று பார்த்தபோது, அது விமானந்தாங்கிக் கப்பல்களோடு கூடிய ஜப்பானின் பெருங்கடற்படை என்பது விளங்கிற்று. பர்ச்சால் உடனே கம்பியில்லாத் தந்தி வழியே செய்தி அனுப்பச் செய்தார். செய்தி சென்றுகொண்டிருக்கும்போதே பகைவிமானங்கள் அவரைச் சூழ்ந்து சுட்டன. கேட்டலைனா கடலில் வீழ்ந்தது. தோழர் சிலர் உயிர் துறந்தனர். பர்ச்சாலும் எஞ்சியோரும் சிறைப்பட்டுப் போர் முடியும் வரை துன்புற்றனர். ஆயினும், அவர் அனுப்பிய செய்தி கொழும்பை அடைந்துவிட்டது. மறுநாள் தாக்குதல் நேர்ந்தபோது துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தன. 'இலங்கையைக் காத்தவர்' என்னும் பெயர் பர்ச்சாலுக்கு நிலைத்தது. தொலைவிலிருந்த புள்ளிகள் இன்னவை எனச் சரியாக அறிந்து கூறியதே அவர் செய்த அருஞ்செயல் என்பதை நாம் மறத்தலாகாது.

விமானத்தைப் பார்த்த அளவில் இன்னதெனச் சொல்லுதல் அக்காலத்தில் உயிர் காக்கும் கல்வியாக விளங்கியது. வருவது நண்பனா பகைவனா என்று சில நொடிகளில் முடிவு செய்தல் வேண்டும். தவறினால் நகரின் மீது குண்டு விழும். அல்லது நம்மவர் விமானம் நம்மவராலேயே சுடப்படும். ஆதலின், பிரிட்டனில் பொதுமக்கள் பலர் தொண்டர்களாகச் சேர்ந்து இரவும் பகலும் வானத்தை நோக்கியிருந்தனர். கருநிழல் வடிவங்கள் வரைந்த அட்டைகளைக் கொண்டு அவர்கள் பயிற்சி பெற்றனர். அமெரிக்காவில் பள்ளி மாணவர் மரத்தால் இலட்சக்கணக்கான விமான உருக்களைச் செய்து படையினரின் பயிற்சிக்கு அளித்தனர். போர் முடிந்த பின்னும் இக்கல்வி மறையவில்லை. அன்று காவலுக்குப் பயன்பட்டது இன்று வரலாற்று ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது.

இக்கல்வியில் முதலில் நோக்கவேண்டிய உறுப்புகள் நான்கு. அவை இறக்கை, எஞ்சின், உடல், வால் என்பன. இறக்கை உடலின் மேற்புறத்தில் உள்ளதா, நடுவில் உள்ளதா, அடியில் உள்ளதா என்று காணவேண்டும். எஞ்சின் ஒன்றா, இரண்டா, நான்கா என எண்ணவேண்டும். காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சினாயின் அதன் உருளைகள் வட்டமாக அமைந்து, முகப்பு பருத்துத் தோன்றும். நீர்மத்தால் குளிர்விக்கப்படும் எஞ்சினாயின் முகப்பு கூர்மையாக இருக்கும். வாலில் நிமிர்ந்த தகடு ஒன்றா இரண்டா என்பதும் சிறந்த அடையாளம்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். ஹரிக்கேன், ஸ்பிட்பயர் என்னும் இரண்டும் பிரிட்டானியப் போர் விமானங்கள். இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே, முகப்புக் கூர்மையே, இறக்கையும் அடிப்புறத்திலேயே அமைந்துள்ளது. எனினும், ஸ்பிட்பயரின் இறக்கை நீள்வட்டமாக வளைந்து முடியும். ஹரிக்கேனின் இறக்கை தடித்தது. அதன் முதுகும் சற்றுக் கூன் போல் உயர்ந்திருக்கும். மேலே எழுந்ததும் ஹரிக்கேனின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும். ஸ்பிட்பயரின் சக்கரங்கள் வெளிநோக்கி மடங்கும். இந்திய விமானப்படையின் 6-ஆம் பிரிவு 1942 டிசம்பர் முதல் நாள் திருச்சிராப்பள்ளியில் மேகர் சிங் என்பவர் தலைமையில் தோற்றுவிக்கப்பட்டது. அப்பிரிவினர் ஓட்டியவை ஹரிக்கேன்களே. டக்கோட்டா என்னும் போக்குவரத்து விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள் உண்டு. அதன் இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பின்விளிம்போ நேராக இருக்கும். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, முகம் வானை நோக்கியிருக்கும். லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானத்துக்கு நான்கு எஞ்சின்களும், வாலில் முட்டை வடிவமான இரண்டு தகடுகளும் உண்டு.

உருவத்தை அறிந்தபின் ஆண்டை அறிவதற்கு வண்ணக் குறிகள் உதவுகின்றன. பிரிட்டானிய விமானங்களில் சிவப்பு, வெண்மை, நீலம் ஆகிய வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாக வரையப்படுவது வழக்கம். ஜப்பானியரின் குறியோ முழுச் சிவப்பு வட்டம். சிவப்பைக் கண்டதும் பகைவிமானமென்று மயங்கிச் சுட்டுவிடும் இடர் இருந்தமையால், 1942-ஆம் ஆண்டு முதல் நம் பகுதியில் பறந்த விமானங்களின் குறியிலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் அசோகச் சக்கரம் சிலகாலம் இந்திய விமானங்களில் இடம்பெற்றது. நாடு குடியரசான 1950-ஆம் ஆண்டிலிருந்து காவி, வெண்மை, பச்சை வட்டங்கள் இடம்பெற்று வருகின்றன. ஆகவே, ஒரு நிழற்படத்தில் காணும் வட்டக்குறி ஒன்றே அப்படம் எக்காலத்தது என்பதைப் பெரும்பாலும் உணர்த்திவிடும்.

இனி, பழைய நிழற்படம் ஒன்று நமக்குக் கிடைத்ததாகக் கொள்வோம். அதில் நீர்மேல் ஒரு விமானம் மிதக்கிறது. அதன் இறக்கை உடலோடு ஒட்டாமல் ஒரு தூணின்மேல் ஏந்தப்பட்டுள்ளது. இறக்கையில் இரண்டு எஞ்சின்கள் உள்ளன. உடலின் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்துத் தோன்றுகின்றன. இவ்வளவும் கண்டால் அது கேட்டலைனா எனத் துணியலாம். வட்டக்குறியில் சிவப்பு இல்லையாயின், அது 1942-க்குப் பின் கீழ்த்திசை நாடுகளில் எடுக்கப்பட்டதாகலாம். படத்தின் பின்புறம் 'செங்குன்ற ஏரி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது புழல் ஏரியையே குறிக்கும். பிரிட்டனில் பாட்டனாரின் பெட்டியில் இப்படத்தைக் கண்டெடுத்த பேரனுக்கு அவ்வேரி எங்குள்ளது என்பது விளங்காமல் போகலாம். செங்குன்றத்து மாணவனோ கரையையும் மதகையும் கண்டவுடன் இடத்தைச் சொல்லிவிடுவான். உலகளாவிய ஆராய்ச்சிக்கும் உள்ளூர் அறிவு இவ்வாறு இன்றியமையாததாகிறது.

விமானத்தைப் போலவே விமானத் தளத்தையும் படித்தறியலாம். விமானம் காற்றை எதிர்த்தே மேலெழவும் இறங்கவும் வேண்டும். காற்றோ ஆண்டு முழுவதும் ஒரே திசையில் வீசுவதில்லை. அக்காலத்து எடை குறைந்த விமானங்கள் பக்கக் காற்றைத் தாங்கமாட்டா. அதனால், போர்க்காலத் தளங்கள் பலவற்றில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு மூன்று ஓடுபாதைகள் போடப்பட்டன. அவற்றைச் சுற்றி விமானங்கள் நகர்ந்து செல்லும் வளைவழி இருக்கும். அவ்வழியின் ஓரங்களில் விமானங்களைத் தனித்தனியே நிறுத்தும் இடங்கள் இருக்கும். ஒரே குண்டால் பல விமானங்கள் அழியாதவாறு அவற்றைப் பிரித்து நிறுத்துவர். மூன்று புறமும் மண்ணணை எழுப்பி மறைப்பதும் உண்டு. ஓடுபாதையின் முனையில் காணப்படும் எண்ணுக்கும் பொருள் உண்டு. அது வடக்கிலிருந்து வலமாக அளந்த பாகைக் கணக்கைப் பத்தால் வகுத்துப் பெற்றது. 9 என்றிருந்தால் விமானம் கிழக்கு நோக்கி ஓடும் என்பது பொருள். 27 என்றிருந்தால் மேற்கு நோக்கி ஓடும். இன்று செயற்கைக்கோள் எடுத்த படங்களில் இவ்வமைப்புகளைத் தேடிக் காண்பது எளிதாகியுள்ளது. தரையில் புதராகத் தோன்றும் இடம், மேலிருந்து நோக்கும்போது நேர்கோடாக வெளிப்படுகிறது.

போர் முடிந்தபின் இத்தளங்கள் பலவகை நிலைகளை அடைந்தன. தாம்பரம் விமானப்படைப் பயிற்சி நிலையமாக நிலைபெற்றது. கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரிலும், தஞ்சாவூரிலும் விமானப்படைத் தளங்கள் இன்று செயற்படுகின்றன. நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானங்கள் சூலூரில் உள்ளன. தஞ்சையில் 2020-ஆம் ஆண்டு சுகோய் விமானப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களின் ஓடுபாதைகளோ பல்லாண்டுகள் பயனற்றுக் கிடந்தன. சோழவரத்தின் கதை தனிச்சுவை உடையது. போர் விமானங்கள் நீங்கிய ஓடுபாதையில் 1950-களிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. ஆண்டுதோறும் மக்கள் திரள்திரளாகச் சென்று அவற்றைக் கண்டுகளித்தனர். 1990-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்ததும் சோழவரத்தில் அவ்வாரவாரம் ஓய்ந்தது. சோழவரம் என்றவுடன் பந்தயத்தை நினைப்போர் உண்டு. அவ்வோடுபாதை போருக்காகப் போடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைப்பதே முழு வரலாறாகும்.

புழலில் தொடங்கிய கடற்காவல் இன்று அண்மையிலேயே வேறோரிடத்தில் தொடர்கிறது. திருவள்ளூருக்கு மேற்கே உள்ள அரக்கோணத்தில் போர்க்காலத் தளம் ஒன்று இருந்தது. அங்கே 1992 மார்ச்சு 11-ஆம் நாள் இந்தியக் கடற்படையின் விமான நிலையத்தைக் குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். அதற்கு 'ராஜாளி' என்னும் பறவையின் பெயர் இடப்பட்டது. ரஷ்ய நாட்டில் உருவான டுப்போலெவ் 142 என்னும் பெருவிமானங்கள் அங்கிருந்து பறந்தன. பின்சாய்ந்த இறக்கையும், நான்கு எஞ்சின்களும், ஒவ்வோர் எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளும் அவற்றின் அடையாளம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதே அவற்றின் பணி. இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்தபின் 2017 மார்ச்சு 29-ஆம் நாள் அவை ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் காட்சிக் கூடமாக நிற்கிறது. 1942-இல் குண்டு விழுந்த அதே நகரில், கடலைக் காத்த விமானம் ஒன்று கடலை நோக்கி நிற்பது பொருத்தமே.

ஆனால், எல்லா விமானங்களுக்கும் இத்தகைய நற்பேறு கிடைப்பதில்லை. போர் முடிந்ததும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் உடைத்து உருக்கப்பட்டன. 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் செய்யப்பட்டிருந்தும் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவ்வாறு எஞ்சியவற்றுள் பலவற்றைக் காத்த பெருமை நம் நாட்டுக்கு உரியது. அவ்வரலாற்றையும் அறிந்துகொள்வோம்.

பிரிட்டானிய விமானப்படை இந்தியாவை விட்டு நீங்கியபோது, லிபரேட்டர் விமானங்கள் பல கான்பூரில் விடப்பட்டன. மீண்டும் பறக்க இயலாதவாறு அவை சிதைக்கப்பட்டிருந்தன. இனி அவை பழைய இரும்புக்கே உரியவை என்று பலரும் கருதினர். புதிதாக விடுதலை பெற்ற நாட்டிடம் பெருங்குண்டுவீச்சு விமானங்கள் இல்லை. வாங்கப் பொருளும் இல்லை. பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொறியாளர் கான்பூருக்குச் சென்றனர். ஒரு விமானத்தில் கெட்டுப்போன உறுப்பை மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தினர். ஓரளவு செப்பனிட்ட விமானங்களை ஜம்ஷெட் முன்ஷி என்னும் வலவர் ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றைக் கொண்டு விமானப்படையின் 5-ஆம் பிரிவு அமைந்தது. பின்னர், திருச்சியில் தோன்றிய 6-ஆம் பிரிவும் லிபரேட்டர்களைப் பெற்றுக் கடற்காவல் புரிந்தது. 1968-ஆம் ஆண்டு வரை அவை பறந்தன.

அவை ஓய்வு பெற்றபோது பிற நாட்டினர் இந்தியாவை நாடி வந்தனர். தாங்கள் ஆயிரக்கணக்கில் செய்து, ஆயிரக்கணக்கில் உருக்கிவிட்ட விமானத்தைக் காட்சிக்கு வைக்க ஒன்றும் கிடைக்காமல் அவர்கள் தேடினர். பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் காட்சிச்சாலைகளுக்கு இந்திய லிபரேட்டர்கள் சென்றன. 6-ஆம் பிரிவில் பறந்த ஒன்றைப் பிரிட்டானிய விமானப்படைக் காட்சிச்சாலை 1974-இல் பெற்றது. விமானத்தின் உள்ளே பதித்த எண் தகட்டையும், மேற்பூச்சைச் சுரண்டும்போது அடியில் தோன்றும் பழைய எண்களையும் கொண்டு ஆர்வலர் ஒவ்வொன்றின் பிறப்பையும் பயணத்தையும் வரிசையாக எழுதுகின்றனர். ஏழ்மையால் தூக்கி எறியாமல் செப்பனிட்டுக் காத்த ஒரு நாடு, செல்வ நாடுகளின் வரலாற்றுக்கே காவலாயிற்று என்பதை எண்ணி மகிழலாம்.

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. தில்லியை அடுத்த பாலத்தில் விமானப்படைக் காட்சிச்சாலை உள்ளது. 1947 அக்டோபர் 27-ஆம் நாள் சீக்கியப் படையினரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கியவை டக்கோட்டா விமானங்களே. அவ்வகை விமானம் ஒன்றைச் செப்பனிட்டு, முன்னாள் டக்கோட்டா வலவரான ஏர் கமோடோர் எம். கே. சந்திரசேகரின் மைந்தர் இராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்கு அன்பளிப்பாக வழங்கினார். 'பரசுராமா' எனப் பெயரிடப்பெற்ற அவ்விமானம் 2018-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பறந்து வந்தது. கேட்டலைனாவும் லிபரேட்டரும் டக்கோட்டாவும் உருவத்தில் வேறுபட்டவை. எனினும், மூன்றும் பெரும்பாலும் பதினான்கு உருளைகள் கொண்ட ஒரே வகை எஞ்சினால் இயங்கின. ஒன்றனைப் பழுது பார்க்கக் கற்றவன் மற்றவற்றையும் பழுது பார்க்கலாம். பழைய பொறிகளைக் காத்தலால் பழைய கைத்திறனும் அழியாமல் நிற்கிறது.

பழைய விமானத்தால் இளைஞருக்குப் பயன் உண்டோ என்று சிலர் வினவலாம். அதற்கு விடை நம் அண்மையிலேயே உள்ளது. 1950-களில் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் பணியிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு பழைய விமானங்கள் மாணவரின் பயிற்சிக்காக நிறுத்தப்பட்டிருந்தன. இராமேசுவரத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், மற்றவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். வானில் பறக்கவேண்டும் என்னும் வேட்கை அங்கே அவருள்ளத்தில் வேரூன்றியது. அவரே அப்துல் கலாம். அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய ஏவுகலம் 1980 ஜூலை 18-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து, ரோகிணி என்னும் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள அவ்விடத்திலிருந்து இன்று எழும் ஏவுகலங்களைக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மக்கள் தம் ஊரிலிருந்தே காண்கின்றனர். பறக்க இயலாத இரண்டு பழைய விமானங்கள் ஒரு மாணவரின் உள்ளத்தைப் பறக்கச் செய்தன. அவற்றை அன்றே உருக்கியிருந்தால் சிறிது அலுமினியமே கிடைத்திருக்கும்.

போர் கொடியது. போர் விமானங்களைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாது. அச்சம் நிறைந்த அந்நாள்களில் மக்கள் பட்ட துன்பத்தையும், அவர்களைக் காக்க முன்வந்தோரின் பொறுமையையும், பாழானதைச் செப்பனிட்டோரின் திறமையையும் நினைவிற் கொள்வதே நம் நோக்கம். அந்நாள்களைக் கண்ட முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். உலோகம் உலைக்குச் செல்கிறது. ஓடுபாதையின்மேல் கட்டடங்கள் எழுகின்றன. எழுதி வைக்காத நினைவு, அதனை உடையவரோடு மறைந்துவிடும்.

ஆதலின், மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் போர்க் காலத்தையோ பழைய விமானத் தளத்தையோ பற்றிக் கேட்டறிந்த முதியோர் இருப்பின் அவர்களை அணுகி, பணிவுடன் வினவி, அவர்கள் கூறுவனவற்றை ஆண்டும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய நிழற்படங்கள் இருப்பின் அவற்றின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பாதுகாப்புத் துறைக்கு உரிய இடங்களில் இசைவின்றி நுழைதல் கூடாது. அறிய வேண்டியவற்றை நூலகத்திலும் நிலப்படத்திலும் தேடலாம். மன்னர் வெட்டுவித்த கல்லைப் படிக்க அறிஞர் உள்ளனர். நம் ஊர் வழியே போன ஓடுபாதையைப் படிக்க வேண்டியவர் நாமே.